ஏடும் பொறியும்

கணினியில் தமிழ் எழுதுவோர் இக்காலத்தில் புதியதொரு திருத்துநரோடு பழகி வருகின்றனர். சொல்லொன்றை எழுதிய மாத்திரத்தில் அதன்கீழ்ச் செங்கோடு தோன்றுகிறது. மாற்றுச் சொல்லும் காட்டப்படுகிறது. அத்திருத்தம் சில வேளை நன்று. சில வேளை செவ்வையான தொடரையே பிழையாக்கிவிடுவது. எழுதுவோர் யாது செய்தல் வேண்டும்? இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அறிஞர் இதனை ஓலைச்சுவடிகளின் முன்னிருந்து எதிர்கொண்டனர்.

ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது வழக்கமன்று. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. ரகரமும் காலும் அவ்வாறே. ஆகவே ஏட்டிலுள்ள ஒரு சொல்லைக் 'கரகம்' என்றும் படிக்கலாம். 'காகம்' என்றும் படிக்கலாம். 'எரி'யோ 'ஏரி'யோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். படியெடுத்தோருட் சிலர் தமக்கு விளங்காத அருஞ்சொல்லைப் பிழையென்று கருதி, தமக்குத் தெரிந்த எளிய சொல்லாக மாற்றினர். திருத்தும் எண்ணத்தினாலேயே பாடம் கெட்டது.

நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879), யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்த காலத்தில், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ் பிழையற்றதோ என்னும் ஐயம் சென்னையில் எழுந்ததென்றும், 1847இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை அச்சிட்ட மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டுப் பாராட்டினாரென்றும் நாவலர் வரலாறு எழுதியோர் கூறுவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறிற்று. எனினும் அது பெருவழக்கு எய்தவில்லை. பிறிதொரு குழுவினரின் பதிப்பு 1871இல் வெளிவந்து நிலைபெற்றது. இலக்கண வழுவின்மை ஒன்று, கேட்போர் செவிக்கு இயைதல் மற்றொன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இத்துறையில் மேலும் ஒரு படி சென்றார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இலும், பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். அவர் கைக்கொண்ட நெறி யாதெனின், பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடம் துணிதலாம். தொட்டால் நொறுங்கும் ஏடுகளினிடையே அவர் செய்த பணி இது. ஓர் ஏடு சொல்லியதை அவர் ஆணையாகக் கொள்ளவில்லை, சாட்சியாகவே கொண்டார்.

இன்றைய பொறியையும் அவ்வாறே கொள்ளுதல் தகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மூலத்தானத்தில் விளங்குவது வேல். 'அடியார் வேலைக் கண்டார்' என்று ஒரு மாணவன் எழுதினால், ககரம் மிகுதல் முறையே. அங்கு வேல் இரண்டாம் வேற்றுமையுருபை ஏற்று நின்றது. 'வேலை கண்டார்' எனின் பொருள் தொழிலாகிவிடும். இரண்டும் இலக்கணத்துக்கு உடன்பாடே. எது வேண்டுவது என்பதை எழுதியவனே அறிவான். எழுத்தை மட்டும் நோக்கும் பொறி ஒன்றை விலக்கி மற்றொன்றை வற்புறுத்தினால், கந்தனின் வேல் கூலியாளின் வேலையாய் முடியும்.

வழக்குச் சொற்களிலும் இவ்விடர் உண்டு. டகரம் மொழிக்கு முதலாகாது என்னும் விதிக்கியைய இலங்கையில் 'ரயர்' என்பர். தமிழகத்தில் 'டயர்' என்பர். யாழ்ப்பாணத்தார் 'கதைத்தல்' என்றால் பேசுதல் என்பதே பொருள். ஒரு நாட்டு நூல்களை மட்டும் பயின்ற பொறி, மற்றொரு நாட்டு வழக்கை வழுவெனக் காட்டும். மாணவர் அதனை ஆராயாது ஏற்பராயின், ஊர்ச்சொற்கள் ஒவ்வொன்றாய் ஏட்டினின்று மறையும். முன்னாளில் கறையான் செய்ததை இந்நாளில் விரைவு செய்துவிடும்.

ஆதலின் செங்கோடு தோன்றியவுடன் அழித்தலும் வேண்டா; அதனைப் புறக்கணித்தலும் வேண்டா. பொறி சுட்டும் வழுக்களுட் பல உண்மையானவையே. தொடரை மீண்டும் வாய்விட்டுப் படித்து, விதியை நன்னூலில் நோக்கி, வழக்கை ஊர்ப் பெரியோரிடம் வினவித் துணிதலே முறை. சிறுப்பிட்டியார் ஏட்டுக்குக் காட்டிய பொறுமையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.