கூடைக்கயிறு இழுத்த கழுத்து

எங்க அப்பாயிக்கு உடம்பு வலி என்றால் வீட்டில் அது ஒரு செய்தியே இல்லை. காய்ச்சல் என்றால்தான் எல்லாரும் பதறுவோம். கழுத்து இழுக்குது, கை மரத்துப் போகுது, முட்டி மடங்க மாட்டேங்குது என்றால், "மலைக்குப் போன ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு விடுவோம். மாத்தளைத் தோட்டங்களின் சுகாதார வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது: நாங்கள் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்துவந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். அந்தப் பாதையில் கொலராவும் காய்ச்சலும் எத்தனையோ பேரைத் தின்றன. கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இல் ஒரு கட்டளைச் சட்டமே வந்தது. சாவு அவர்களை யோசிக்க வைத்தது. சாகடிக்காத வலி?

அடுத்த பெரிய சம்பவம் நம்ம ஊரிலேயே நடந்தது. 1916இல் ரொக்பெல்லர் மன்றம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, முதலில் வந்தது மாத்தளைப் பகுதித் தோட்டங்களுக்குத்தான். புழு இரத்தத்தைக் குடித்தால் ஆள் சோர்ந்துபோவான், வேலை குறையும். தோட்டத்துரைமாருக்கு அந்தக் கணக்கு விளங்கும். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வருஷங்களில் ஐரோப்பாவில் என்ன நடந்தது? முதலாம் உலகப்போரில் காயப்பட்ட சிப்பாய்களின் கைகால்களைத் திரும்ப அசைய வைக்க, பிசியோதெரபி ஒரு தொழிலாகவே வேகமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் நாலு தாதிகள் 1894இல் ஆரம்பித்த சங்கத்துக்குப் போர்தான் பெரிய வேலையைக் கொடுத்தது. அங்கே ஒரு தோள்பட்டையைத் திருத்த ஆள் வைத்தார்கள். இங்கே தோள்பட்டையை யாரும் கேட்கவில்லை.

சரி, அந்த உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? கூடைக்கயிறு தலையில், பாரம் முதுகில். தலை பின்னால் இழுபடாமல் இருக்க, கழுத்துத் தசைகள் நாள் முழுக்க முறுக்கேறியே நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்ந்து, கைக்கு இறங்கும் நரம்பு நெருக்கப்பட்டால் விரல் மரக்கும். கொழுந்து கிள்ளும் அதே அசைவால் மணிக்கட்டிலும் நரம்பு நெருங்கலாம். செங்குத்துச் சரிவில் பாரத்தோடு இறங்குவது முட்டிக்கு. கவ்வாத்து வெட்டுகிற ஆம்பளைகளுக்குத் தோள்பட்டையும் இடுப்பும். அப்பாயி சொன்ன மூன்று வலியும் மூன்று தனி வியாதி இல்லை, ஒரே வேலையின் மூன்று தழும்பு.

1934இல் வந்த வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் நடக்கும் விபத்தையும், குறிப்பிட்ட சில தொழில் நோய்களையும் பற்றிப் பேசுகிறது. அப்பாயியின் கழுத்துக்கு எந்தத் திகதியில் விபத்து நடந்தது என்று எழுதுவது?

பிசியோதெரபியிலும் ஒரு சிக்கல் இருக்கு. அது ஒரு ஊசியோடு முடிகிற வைத்தியம் இல்லை. தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, மூட்டை மெதுவாக அசைப்பது, சூடு கொடுப்பது என்று வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நாள் கூலிக்காரிக்கு ஒரு தடவை டவுனுக்குப் போவது என்றால் ஒரு நாள் பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. அதனால்தான் பலரும் பேர் வெட்டி வீட்டில் இருக்கிற காலத்தில் போகிறார்கள். அதற்குள் தேய்வது தேய்ந்துவிடும்.

அப்பாயியும் அப்படித்தான் போன வருஷம் முதல்முறை போனார். இயன்மருத்துவப் பிரிவில் இருந்த தங்கச்சி வயசுப் பிள்ளை முட்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே, "என்ன வேலை செஞ்சீங்க அம்மா, எத்தனை வருஷம்?" என்று கேட்டார். நான் புரட்டிய எந்தக் காகிதத்திலும் இந்தக் கேள்வி இல்லை. அப்பாயி விரல் விட்டு எண்ணினார். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து. அதுக்கு முன்னால ரெண்டு வருஷம் புல்லு வெட்டு.