தண்டனையா, சிகிச்சையா? நரகத்தின் கால எல்லை குறித்து

ஆபிரகாமிய மதங்களில் நரகம் முடிவற்றது. வினைக்கோட்பாட்டை ஏற்ற இந்திய மதங்களில் அது தற்காலிகமானது. சமய ஒப்பாய்வில் அடிக்கடி காணப்படும் இந்தப் பாகுபாடு இரு புறமும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நரகத்துக்கு முடிவு உண்டா என்பது, அங்கே உயிர் படும் துன்பம் எதற்காக என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

13ஆம் நூற்றாண்டில் துவைதத்தை நிலைநாட்டிய மத்வர் வினையையும் மறுபிறப்பையும் ஏற்றவர். ஆயினும் உயிர்களை மூவகையாகப் பிரித்து, அவற்றுள் தமோயோக்கியர் எனப்படுவோர் தம் இயல்பாலேயே மீளா இருளுக்கு உரியவர் என்றார். சமணத்தின் ஏழாம் நரகத்தில் ஆயுளின் மேல்வரம்பு 33 சாகரோபமம் (சமணரின் பேரளவுக் கால அலகு). எண்ணில் அடங்காத நீட்சிதான், ஆனாலும் முடிவுள்ளது. அம்முடிவு எவர் கருணையாலும் வருவதன்று. ஆயுள் தீர்ந்ததும் உயிர் வேறு பிறவிக்குச் செல்கிறது. வீடுபேறு ஒருபோதும் வாய்க்காத அபவியரும் அப்படியே வெளியேறுவர். ஆகவே, நரகம் முடிவதாலேயே உயிர் திருந்திவிட்டது என்று கொள்ள முடியாது.

மேற்கிலும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ அறிஞர் ஓரிஜென், மருத்துவர் அறுத்தும் சுட்டும் நோய் தீர்ப்பதைச் சுட்டி, இறைவன் தரும் தண்டனையையும் அவ்வாறே விளக்கினார். எல்லா உயிரும் மீளும் என்பது அவர் நம்பிக்கை. அகஸ்டின் ‘இறைநகர்’ நூலின் 21ஆம் பகுதியில் இதை மறுக்கையில் நீதிமன்றத்தை முன்னிறுத்துகிறார்: குற்றம் செய்ய எடுத்த நேரத்தைக் கொண்டு எந்தச் சட்டமும் தண்டனைக் காலத்தை அளப்பதில்லை. ஒருவர் மருத்துவரைக் காட்ட, மற்றவர் நீதிபதியைக் காட்டுகிறார். 1350இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு கய்யிம், நரக நெருப்பு ஒருநாள் அணையும் என்பதற்கான வாதங்களை விரிவாகத் தொகுத்தபோது, அந்நெருப்பு தூய்மை செய்வது என்ற கருத்தையே அவற்றில் ஒன்றாக வைத்தார்.

இந்த விவாதத்தில் தமிழ்ச் சைவத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கத்திலும் அறுத்துக் கீறும் மருத்துவர் வருகிறார். சொல் கேளாத பிள்ளையை வளாரால் அடிக்கும் பெற்றோரும் வருகிறார்கள். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது அரசனைப் பற்றிய செய்யுள். பாவம் செய்தவன் அரச தண்டனை பெற்று, அதன்பின் சொல்வழி நடந்தால் நரகம் சேரான் என்கிறது அது. செலுத்திய கடனை இருமுறை வாங்கலாகாது என்ற கணக்காகவும் இதைப் படிக்க இடமுண்டு. ஆனால் தண்டனைக்குப் பிந்தைய ஒழுக்கத்தை ஆசிரியர் தனியே குறிப்பிடுகிறார். கடன் தீர்ந்ததே போதுமெனில் அந்தக் குறிப்புக்கு அங்கே வேலையில்லை. திருத்தம் இவ்வுலகிலேயே நிகழ்ந்துவிட்டால் நரகம் தேவையற்றுப் போகிறது.

ஆயினும் அருணந்தியார் ஓரிஜெனின் மறுபதிப்பல்லர். ஓரிஜெனின் உயிர் தன் விருப்பத்தால் இறைவனிடம் திரும்ப வேண்டும். அது திரும்பியே தீரும் என்பதை, அதன் சுதந்திரத்தைக் குறைக்காமல் அவரால் நிறுவ இயலவில்லை. சைவ சித்தாந்தத்தில் நுகர்ந்த வினை தீர்ந்தே ஆகும். நோயாளி மறுத்தாலும் மருந்து வேலை செய்யும். அதனால் நரகத்தின் முடிவை அருணந்தியார் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆனால் வினை கழிந்த பிறகும் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் எஞ்சியிருக்க, அதன் பரிபாகத்தை, அதாவது அது நீங்குவதற்கான பக்குவத்தை, நரகம் மட்டும் தந்துவிடுவதில்லை.