பஞ்ச காலத்துல பொறந்த வண்டி

விவசாயிக்காகவே செஞ்ச வண்டின்னு டிவியில தினம் ஒரு விளம்பரம் ஓடுது. நெஜமாவே ஒரு தோட்டக்காரனோட தேவையில இருந்து பொறந்த வண்டியோட கதையைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். அது இங்கிலாந்தோட லேண்ட் ரோவர். இப்ப அந்தப் பேரைக் கேட்டா கோடீஸ்வரங்க கார்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா 1948-ல் வந்த முதல் லேண்ட் ரோவர் கிட்டத்தட்ட ஒரு டிராக்டருக்குத் தம்பி. அதோட வரலாறு தெரிஞ்சா, அந்தப் பழைய வண்டியில எது எங்க கெடும், எப்படிப் பழுது பார்க்கணும்னு பாதி புரிஞ்சிடும். அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச நேரம். இங்கிலாந்து ஜெயிச்சிடுச்சு, ஆனா கையில காசில்லை. ரொட்டிக்குக்கூட ரேஷன். இரும்புத் தகடும் அரசாங்கம் அளந்து கொடுக்கிறதுதான். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ற கம்பெனிக்குத்தான் முதல் பங்கு. ரோவர் கம்பெனி அதுவரைக்கும் வசதியானவங்களுக்கு கார் செஞ்சுக்கிட்டு இருந்தது. அந்த மாதிரி காரை வெளிநாட்டுல பெருசா யாரும் கேக்கலை. போர்க்காலத்துல விமான எஞ்சின் செஞ்ச சொலிஹல் தொழிற்சாலை பெருசா நிக்குது, ஓட்டத்தான் வேலை இல்லை.

அந்தக் கம்பெனியோட தலைமை இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸ். அவரோட அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ்தான் நிர்வாக இயக்குநர். மாரிஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவுல நிலம் இருந்தது. ராணுவம் கழிச்சுப் போட்ட அமெரிக்க ஜீப் ஒண்ணை வாங்கி அங்க வேலைக்கு வெச்சிருந்தார். மரம் இழுக்க, சேத்துல போக, சாமான் ஏத்த எல்லாத்துக்கும் அந்த ஜீப்தான். இது ஓஞ்சுபோனா அடுத்து என்ன வாங்கறது? அந்த மாதிரி வண்டியை இங்கிலாந்துல யாரும் செய்யலை. அந்தக் கேள்வியில இருந்துதான் 1947-ல் லேண்ட் ரோவர் யோசனை வந்தது. கடற்கரை மணல்ல குச்சியால அண்ணனுக்கு வரைஞ்சு காட்டினார்னு ஒரு கதை சொல்லுவாங்க.

முதல் மாதிரி வண்டிக்கு ஜீப்போட சேஸிஸையே எடுத்துக்கிட்டாங்க. ஸ்டியரிங்கை டிராக்டர் மாதிரி நட்டநடுவுல வெச்சுப் பார்த்தாங்க. அது சரிவரலைன்னு விட்டுட்டாங்க. 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில வண்டி வெளிவந்தது. 80 அங்குல வீல்பேஸ், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை, விலை 450 பவுண்டு. டிராக்டர்ல இருக்கிற மாதிரி பி.டி.ஓ. பொருத்திக்கலாம். வண்டி நின்ன இடத்துலயே கதிரடிக்கும், மரம் அறுக்கும், தண்ணி இறைக்கும்.

இனி பழுது விஷயத்துக்கு வருவோம். இரும்புக்குப் பஞ்சம், ஆனா அலுமினியம் கிடைச்சது. அதனால உடம்பை பிர்மாபிரைட்னு ஒரு அலுமினியக் கலவையில செஞ்சாங்க. அலுமினியம் இரும்பு மாதிரி செந்துரு பிடிக்காது, அதனாலதான் எழுபது வருஷம் ஆகியும் பல வண்டி நிக்குது. ஆனா வெளியில பளிச்சுன்னு இருக்குன்னு ஏமாந்துடக் கூடாது. அலுமினியமும் இரும்பும் தொடுற இடத்துல ஈரம் பட்டா, பேட்டரிக்குள்ள நடக்கிற வேலை அங்கயும் நடக்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிர ஆரம்பிச்சிடும். கதவு ஓரத்துலயும் போல்ட்டைச் சுத்தியும் பெயிண்ட் கொப்புளிச்சா அதுதான் அர்த்தம். மேல பெயிண்ட் அடிச்சு மறைக்கறது வீண். போல்ட்டைக் கழட்டி, பொடியைச் சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு உலோகமும் ஒண்ணை ஒண்ணு தொடாதபடி நடுவுல ரப்பர் வாஷரோ அதுக்குன்னு விக்கிற பூச்சோ கொடுத்து மாட்டணும்.

சேஸிஸ் கதை இன்னும் சுவாரசியம். பெரிய பிரஸ்ஸுக்கும் அச்சுக்கும் செலவு பண்ண காசில்லை. அதனால பட்டைத் தகடு நாலை வெச்சு ஓரத்தை வெல்டிங் பண்ணி, பெட்டி மாதிரி சட்டமாக்கிட்டாங்க. அச்சு இல்லாம அவ்வளவு உறுதியா ஒரு சட்டம் செஞ்சது பெரிய கெட்டிக்காரத்தனம். ஆனா பெட்டிக்குள்ள சேறும் தண்ணியும் புகுந்தா வெளியேற வழி கம்மி. சேஸிஸ் உள்ளுக்குள்ள இருந்து அரிச்சுக்கிட்டே வரும், வெளியில தெரியும்போது பாதி போயிருக்கும். பழைய லேண்ட் ரோவர் வாங்கறவங்க பெயிண்டைப் பார்க்காம, சின்னச் சுத்தியலோட கீழ படுத்துத் தட்டிப் பார்க்கறது இதனாலதான். கணீர்னு சத்தம் வந்தா நல்ல இரும்பு, பொத்துன்னு வந்தா புண்ணு. பின்னாடி குறுக்குச் சட்டம், முன்னாடி எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கிற இரும்புச் சுவரோட கால் வைக்கிற பகுதி, இந்த ரெண்டும்தான் பெரும்பாலும் முதல்ல போகும். வடிகால் ஓட்டையை அடைக்காம வெச்சுக்கிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை உள்ள எண்ணெயோ மெழுகோ பீச்சி விட்டா சேஸிஸுக்கு ஆயுசு கூடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகலையா? எடுத்த எடுப்புல கார்புரேட்டரைக் கழட்டக் கூடாது. முதல்ல கரண்டு. பெட்ரோல் கசிவு எதுவும் பக்கத்துல இல்லைன்னு பார்த்துட்டு, கழட்டின பிளக்கை அதோட ஒயர்ல மாட்டி, எஞ்சின் இரும்பைத் தொடுற மாதிரி வெச்சு எஞ்சினைச் சுத்தினா நல்ல பொறி வரணும். வரலைன்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பாருங்க. 1958-ல் வந்த 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு பாயிண்ட் இடைவெளி 0.014-ல இருந்து 0.016 அங்குலம். கருகியிருந்தா தேய்ச்சு விட்டு, ஃபீலர் கேஜ் வெச்சு சரி பண்ணணும். டேப்பட் இடைவெளி 0.010 அங்குலம். ஒயரை மாத்தி மாட்டிட்டாலும் பயம் வேணாம், எரியும் வரிசை 1-3-4-2. பொறி நல்லா இருந்தா அடுத்தது பெட்ரோல். பம்ப்புக்குக் கீழ இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்துல தண்ணியும் கசடும் தங்கியிருந்தா கழுவி மாட்டி, பம்ப்ல இருக்கிற கை லீவரை அடிச்சா பெட்ரோல் ஏறும்.

லைட் மங்கலா எரிஞ்சா பேட்டரி மேல பழி போடாதீங்க. அலுமினிய உடம்புல எர்த் பிடிக்கிற இடம் பொடி கட்டியிருக்கும். சுரண்டி இறுக்கினா பாதி வியாதி தீரும். இன்னொண்ணு, 1960-கள் வரைக்கும் வந்த வண்டியில பேட்டரியோட பாசிட்டிவ்தான் எர்த். இது தெரியாம இப்ப உள்ள வண்டி மாதிரி மாட்டினா டைனமோ பக்கம் கோளாறு வரும்.

எண்ணெய் விஷயத்துல இது ஒரு கூட்டுக் குடும்பம். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், ரெண்டு ஆக்சில், முன் சக்கரம் திரும்புற ரெண்டு உருண்டை, ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாத்துக்கும் தனித்தனி எண்ணெய். அந்த உருண்டை மேல குழி விழுந்துட்டா சீல் எத்தனை மாத்தினாலும் ஒழுகும். வண்டிக்குக் கீழ எண்ணெய் சொட்டலைன்னா உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்னு இதை வெச்சிருக்கிறவங்க சிரிப்பா சொல்லுவாங்க. கிளட்ச் இருக்கிற கூட்டுக்கு அடியில ஒரு சின்ன அடைப்பான் உண்டு. ஆழமான தண்ணியில இறங்கும்போது மட்டும் அதை மாட்டணும், கரை ஏறினதும் கழட்டிடணும். கழட்ட மறந்தா கசியற எண்ணெய் உள்ளயே தேங்கி கிளட்ச்சைக் கெடுத்துடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. பின்னாடி வந்த மாடல்கள்ல பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒடிஞ்சா சக்கரத்தைக் கழட்ட வேண்டாம். நடுவுல இருக்கிற போல்ட்டுகளைக் கழட்டி, ஒடிஞ்ச துண்டை உருவிட்டு, நாலு சக்கர கியரைப் போட்டா முன் சக்கரம் இழுத்துக்கிட்டே வீடு போய்ச் சேரும். செஞ்சவங்களுக்கு உடையும்னு தெரியும். உடைஞ்சா நடுக்காட்டுல இருக்கிற ஆளு என்ன பண்ணுவான்னு யோசிச்சு வெச்சிருக்காங்க.

நான் இதை எழுதினதுக்குக் காரணமும் அதுதான். ரோவர்காரங்க அந்த வண்டியை ரெண்டு மூணு வருஷத்துக்கு சமாளிக்கத்தான் செஞ்சாங்க. 1976-ல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. அந்த வம்சத்துல கடைசி வண்டி சொலிஹல்ல இருந்து இறங்கினது 2016 ஜனவரி 29-ம் தேதி. இல்லாமையில செஞ்ச வண்டி, ஒளிச்சு வைக்க எதுவும் இல்லாத வண்டி. ஸ்பேனரும் பொறுமையும் இருக்கிற எவனும் திறந்து பார்க்கலாம். இன்னைக்கு வர்ற புது டிராக்டர் சிலதுல ஒரு சென்சார் மக்கர் பண்ணினாலும், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க ஆள் வர்ற வரைக்கும் வண்டி வரப்புல நிக்கணும். ஈரம் காயறதுக்குள்ள உழுதாகணும்னு மண்ணுக்குத் தெரியும், சென்சாருக்குத் தெரியாது. வசதி வேணாம்னு நான் சொல்லலை. வண்டி வாங்கப் போறப்ப எத்தனை குதிரைத்திறன்னு கேக்கறோம்ல, கூடவே இன்னொண்ணும் கேளுங்க: இது நின்னு போனா, நானே திறந்து பார்க்க முடியுமா?