ராமானுஜன் வைத்த ரசம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையனுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அண்ணாமலையார் கோயிலில் அர்ச்சனையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள்.

"சமைக்கத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"அங்கே அதுக்கெல்லாம் நேரம் இருக்காது சார். பிரெட், நூடுல்ஸ் ஏதாவது பாத்துக்குவேன்."

"கணக்கு மேதை ராமானுஜனே கேம்பிரிட்ஜில் தானே சமைத்துச் சாப்பிட்டவர்தான்" என்றேன்.

பையன் பட்டென்று சொன்னான்: "அதனாலதானே சார் உடம்பு கெட்டுச் செத்துப்போனாரு? அப்பா சொல்லியிருக்கார்."

அவன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வரலாற்று ஆசிரியராக இருந்த காலம் முழுக்க, "சைவச் சாப்பாட்டில் பிடிவாதம், குளிர் தேசம், உடம்பு தாங்கவில்லை, 32 வயதில் போய்விட்டார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்ததில்தான் அது அரைகுறைப் பாடம் என்று புரிந்தது. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தப் பதிவு.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்தது ராமானுஜன் வீடு. அப்பா ஜவுளிக் கடையில் குமாஸ்தா. அந்தச் சம்பளம் போதாது. வெளியூரிலிருந்து கல்லூரியில் படிக்க வந்த பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அம்மா கோமளத்தம்மாள் சமையலில் பல மாணவர்களின் வயிறு நிறைந்தது. ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், எழுந்து வரச் சொல்லமாட்டார்களாம். சாதத்தைக் குழம்பிலும் தயிரிலும் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார்களாம். அவர் மனைவி ஜானகி அம்மாள் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது. சாப்பாடு தன்னால் கைக்கு வரும் என்று வளர்ந்த பிள்ளை அவர்.

அந்தப் பிள்ளை 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறினார். வயது 26. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை வருடத்துக்கு 250 பவுண்டு. அதில் மாதம் 60 ரூபாய் ஊரில் இருந்த தாயாருக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

டிரினிட்டி கல்லூரியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடம் உண்டு. ராமானுஜன் அங்கே போகவில்லை. வீட்டில் கொடுத்த வாக்கு அப்படி. (வைணவர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நாம் 'சைவம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்!) அறையிலேயே கேஸ் அடுப்பில் சமைத்துக்கொண்டார். புளி மாதிரியான சாமான்கள் ஊரிலிருந்து தபாலில் வந்தன. அடுப்பில் கடுகு வெடித்துப் பெருங்காய வாசனை வந்த நேரமாவது அந்தக் கல் கட்டடத்தில் அவருக்குக் கும்பகோணம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அடுப்படியில்தான் ஒரு புகழ்பெற்ற சம்பவம் நடந்தது. 1914 டிசம்பர். பக்கத்துக் கிங்ஸ் கல்லூரியில் படித்த வங்காள மாணவர் பி.சி. மகலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்) ராமானுஜன் அறைக்கு வந்தார். ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார்.

ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டலும் வலப்பக்க எண்களின் கூட்டலும் சமம். தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? சிறிய உதாரணம் சொல்கிறேன். 8 வீடு உள்ள தெருவில் 6-ம் எண் வீடு. இந்தப் பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, அந்தப் பக்கம் 7ம் 8ம் 15. பத்திரிகைப் புதிருக்கு விடை 288 வீட்டுத் தெருவில் 204-ம் எண். ராமானுஜன் கரண்டியை வைக்காமலே, "எழுதிக்கொள்ளுங்கள்" என்று, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து விடை தரும் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். நேரமில்லை என்ற பையனுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

அதே மகலனோபிஸ் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ராத்திரி குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்ல, படுக்கையைப் போய்ப் பார்த்தாராம். கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்துச் செருகி வைக்கப்பட்டிருந்தன. ராமானுஜன் அவற்றுக்கு மேலேயே படுத்திருக்கிறார்! உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நண்பர் அறைக்குள் வந்ததால் அது சரியானது.

நண்பர்கள் நிலைக்கவில்லை. போர் தொடங்கியிருந்தது. கல்லூரி முற்றத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டார்கள். கணிதத் துணைவர் லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். மகலனோபிஸ் 1915-ல் ஊர் திரும்பினார். ராமானுஜன் ராத்திரி பகல் பாராமல் கணக்குப் போட்டார். நாளைக்கு ஒரு வேளை, சில சமயம் இரண்டு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் விடியற்காலையில் சமைத்தார்.

இந்தக் காலத்தில்தான் ரசம் வைத்த கதை. கேம்பிரிட்ஜில் இருந்த ஞானேஷ் சந்திர சாட்டர்ஜிக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ராமானுஜன் அவரையும், மணப்பெண்ணையும், துணைக்கு இன்னொரு பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தன் கையால் பரிமாறினார். ரசம் ஒரு முறை, இரண்டாம் முறை. மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். பிறகு ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. சில நாள் கழித்துத் திரும்பியவர், தான் பரிமாறியதை வேண்டாம் என்றது மனதைப் புண்படுத்தியது என்றார்.

வகுப்பில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சிரிக்க முடியவில்லை. தான் வைத்ததை இன்னொருவர் சாப்பிட்டுப் பார்க்கும் சந்தோஷம் அந்த மனிதருக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை கிடைத்திருக்கும்?

இங்கே இன்னொரு மாணவரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1888-ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன காந்தி. அவரும் தாயாருக்கு வாக்குக் கொடுத்துப் போனவர். அவரும் ஒற்றை அறை எடுத்து, ஒரு அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும், ராத்திரி ரொட்டியும் கோக்கோவும் என்று தானே பார்த்துக்கொண்டார். ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் செலவு. மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு மும்முரமாகப் படித்த காலம் அது. உடம்பு கெடவில்லை. மத்தியானம் வெளியே சாப்பிட லண்டனில் சைவ உணவகங்கள் இருந்தன. சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழுவிலும் இருந்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே விரதம், ஒரே தேசம். காந்திக்கு வேளை தவறாத சாப்பாடும் கூட உட்காரும் ஆட்களும் இருந்தார்கள். ராமானுஜனுக்குப் போரும் தனிமையும்தான் கிடைத்தன. 1917-ல் அவர் படுத்தார். காசநோய் என்று எண்ணிய மருத்துவர்கள், குளிர்காற்று வீசும் சானடோரியங்களில் வைத்தார்கள். அங்கே தனக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் அவர் பட்ட பாட்டை, நேரில் போய்ப் பார்த்த ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினீயர் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார்.

1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி, அவருக்கு இருந்தது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். 1906-ல் சென்னையில் படித்தபோதே ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருந்தது. அதன் தொடர்ச்சியாக இருக்கலாம், அன்றைய மருந்திலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆக, வேளைக்குச் சாப்பிடாதது உடம்பைத் தளர்த்தியிருக்கும். ஆனால் பழியை ரசத்தின் மேலும் காய்கறியின் மேலும் போட்டது தப்பு.

நம் ஊருக்கும் 1896 செப்டம்பர் 1 அன்று, மதுரைப் பள்ளிக்கூடத்தை விட்டு 16 வயது வெங்கடராமன் வந்து சேர்ந்தார். பிறகு ரமணர் ஆனார். விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில் பிச்சையில் கிடைத்தது எல்லோருக்கும் போதாவிட்டால், அத்தனையையும் ஒன்றாகக் கலந்து, வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கி, ஆளுக்குக் கொஞ்சம் குடிப்பார்களாம். பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் எழுந்து அவரே காய் நறுக்கினார். எளிய சாப்பாடு உடம்பில் ஒட்ட, பகிர்ந்து குடிக்க ஆள் வேண்டும் போலிருக்கிறது.

இன்றும் செங்கம், போளூர், ஜவ்வாது மலைப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு குக்கர் வைக்கும் அறையில் பிள்ளைகள் தெம்பாக இருப்பதைப் பார்க்கிறேன்.

அன்று பையனைச் சமையலறைக்கு அழைத்துப் போய் ரசம் வைக்கச் சொன்னேன். எலுமிச்சை அளவு புளி, ஒரு தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு. நுரை கூடியதும் இறக்க வேண்டும், தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நாங்கள் மூன்று பேரும் இரண்டு டம்ளர் குடித்தோம்.

"ஒரு நேரம் வைத்துச் சாப்பிடு. இரண்டு பேருக்குச் சேர்த்து வை, பக்கத்து அறைப் பையனைக் கூப்பிடு. அவன் மூன்றாம் முறை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

என்னிடம் பழைய பாடத்தைக் கேட்ட மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் திருத்திச் சொல்லுங்கள்.