ரதியின் தர்க்கம்

மலாயாவின் போர்டிக்சனைச் சுற்றியிருந்த லுக்குட், சிலியாவ் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கட்டியது ஒரே கங்காணி முறைதான். திருச்சி, சேலம் என ஆள் எடுத்த மாவட்டங்களும் பெரும்பாலும் ஒன்றே. அந்தச் சனங்கள் கொண்டுபோன சோகக் கூத்துகளில் மலையகத்தில் இன்றும் ஆடப்படும் ஒன்று காமன் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிவதையே அதன் உச்சமாகச் சொல்வார்கள். என் கணக்கில் நாடகம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. காளிதாசனின் குமாரசம்பவத்தில் மன்மதனின் மனைவி ரதி புலம்புவது கணவன் சாம்பலான பிறகு. கூத்து ரதியோ தீக்கனவு கண்டு, அவன் புறப்படும்போதே மறிக்கிறாள். அவள் நாளையை எண்ணுகிறவள். அவனோ ஏவலை ஏற்றபின் திரும்புவது இழுக்கு என்னும் வீம்பன்.

இது மாசியில் கம்பம் நட்டு, வரட்டி கட்டி, தப்படித்து எரிக்கும் சடங்கு, இதில் குணச்சித்திரம் தேடுவது படித்தவர் வேலை என்று மறுக்கலாம். சடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் சடங்குக்கு நெருப்பு போதுமே, புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம் எதற்கு? தஞ்சை லாவணிப் பாட்டில் காமன் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய வாதாடியவர்களும் வெறும் சாம்பலோடு திருப்தியடையவில்லை. கங்காணி கூப்பிட்டதும் கிளம்பிய ஆண்களையும், போகாதே என்ற பெண்களையும் அறிந்த கூட்டத்துக்கு அந்த வாக்குவாதம் புராணமாகப் பட்டிருக்காது. அந்தக் கிளம்பல் பழங்கதையும் அல்ல: மலாயாவுக்கு ஆள் கட்டுவதை இந்திய அரசு 1938இல்தான் தடுத்தது. ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள் என்பது தனி வேடிக்கை.