மிடற்றில் பிறக்கும் மெய்

கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூருக்கே பணிபுரிந்து வலுப்படுத்திய கோட்டை அது. அக்காவலுக்கு நெடுங்காலம் முன்பே அரபு வணிகரோடு இக்கரைகளை வந்தடைந்த ஓர் ஒலியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதன் பெயர் 'அயின்'.

அடிநாவைப் பின்னிழுத்து, மிடற்றை நெருக்கி எழுப்பும் மெய்யொலி அது. உலகில் மிகச் சில மொழிகளுக்கே இவ்வகை ஒலி வாய்த்திருக்கிறது. காக்கேசிய மலைநாட்டில் உண்டு. சோமாலியர் நாவிலும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்துக் கலீல் என்னும் பேரறிஞர், எழுத்துகளைப் பிறப்பிடப்படி மிடற்றிலிருந்து வரிசைப்படுத்தி அரபு அகராதி வகுத்தார். அவர் முதலில் வைத்தது அயினை. நூலுக்கும் அதுவே பெயராயிற்று.

நம் தொல்காப்பியரும் உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எழுத்தாவதை விளக்கியவரே. ஆனால் மிடற்றுக்கு அவர் உரியவையாக்கியவை பன்னிரண்டு உயிர்கள். அதனாற்போலும், தமிழ் எழுத்தில் புகுந்த அயின் அடுத்து நின்ற உயிரிலேயே கரைந்துவிட்டது. ஆய்தம் இருக்கிறதே என்பீர்கள். நன்னூலார் அதற்குத் தலையை இடமாக்கினார். சொல்லின் முதலில் அது வருவதும் இல்லை.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் அரபில் அயினை முதலாக உடையது. தமிழில் அது வெறும் உகரம். அக்காவியத்துக்கு உரை வகுத்தவர் நம் நாஞ்சில் நாட்டு இடலாக்குடிச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). 'ஷெய்க்' என்பதன் ஈற்றொலியையும் அரபு இலக்கணத்தார் மிடற்றெழுத்து ஆறனுள் அடக்குவர். இங்கே அது 'கு' ஆயிற்று. இதில் குறையொன்றும் காணேன். செய்கு என்பது தமிழ்ப்பெயராகவே காதில் விழுகிறது.

வேதம் ஓதுவோர்க்கு அவ்வளவு எளிதன்று. 'அலீம்' என்று நாம் ஒரே விதமாய் எழுதும் சொல், அரபில் அயினோடு தொடங்கினால் எல்லாம் அறிந்தவன் எனப் பொருள்படும். இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்று. அயின் நீங்கினாலோ வேதனை தருவது என்று பொருள். ஒரே ஒலிதான் இடையே நிற்கிறது! காயல்பட்டினத்தும் கீழக்கரையிலும் வழங்கிய அரபுத்தமிழ் எழுத்து இங்கே கைகொடுத்தது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டினர். அரபுச் சொற்களையோ அவற்றின் மூல எழுத்தோடு அப்படியே விட்டனர். தாளில் அயின் அழியாமல் நின்றது. அதை ஒலிக்கும் முறையை மட்டும் மாணவன் ஆசிரியர் வாயிலிருந்தே கேட்டுக் கற்க வேண்டியிருந்தது. இன்றும் மதரசாக்களில் அப்படியே கற்கிறான்.