தோள்மேற் கண்ட திருவிழா

திருவிழாக்களின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் மன்னர்களைப் பற்றியும், மண்டபங்களைப் பற்றியும், தேர்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயினும், அத்தேர் ஓடிய வீதியிலே தந்தையின் தோள்மேல் அமர்ந்து, ஒரு கையால் அவர் தலைப்பாகையைப் பற்றிக்கொண்டு, மறு கையில் ஊதலை ஏந்தியிருந்த சிறுவனைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. கல்வெட்டிலே அவனுக்கு இடமில்லை. திருப்பணி மாலைகளிலும் அவன் பெயர் இல்லை. ஆனால், அன்று தோள்மேல் இருந்து தேரைக் கண்டவனே பின்னாளில் வடம் பிடித்தான். மண்டகப்படிக்குப் பொருள் தந்தான். தன் மகனைத் தோள்மேல் ஏற்றினான். மதுரைச் சித்திரைத் திருவிழாவை அச்சிறுவன் அமர்ந்த இடத்திலிருந்து நோக்கி, அன்பர்கள்முன் சில செய்திகளை வைக்க விரும்புகின்றேன்.

குழந்தைகளை உடன்கொண்டு வழிபாட்டுக்குச் செல்லும் வழக்கம் மதுரைக்கு இன்று நேற்று வந்ததன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலே மாலைக் காலத்து மதுரை வருணிக்கப்படுகிறது. அங்கே ஒளி பொருந்திய அணிகளைப் பூண்ட சிறு குழந்தைகளை, தாமரை மொட்டைப் பற்றினாற்போல மென்மையாகத் தழுவிக்கொண்டு, பூவும் நறும்புகையும் ஏந்தி, மகளிர் தம் கணவரோடு கடவுட் பள்ளிக்குச் செல்லும் காட்சியைக் காண்கின்றோம். அதனைப் பௌத்தப் பள்ளி என உரையாசிரியர் கொள்வர். சமயம் எதுவாயினும் ஆகுக. கூட்டத்திலே குழந்தைக்கு ஊறு நேராதபடி தாய் அணைத்துச் செல்லும் அந்த நிலை இன்றும் மாறவில்லை. நாளங்காடி, அல்லங்காடி எனப் பகலிலும் இரவிலும் கடைகள் விளங்கியதையும் அப்பாட்டே நமக்குச் சொல்லுகிறது. வழிபாடும் அங்காடியும் குழந்தையும் ஒருங்கே அமைந்த காட்சி அன்றே மதுரையில் இருந்தது.

இன்று நாம் காணும் சித்திரைப் பெருவிழாவின் வடிவம் திருமலை நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பர். 1623 முதல் 1659 வரை ஆண்ட அவர், மாசித் திங்களில் நிகழ்ந்துவந்த மீனாட்சியம்மையின் திருக்கல்யாண விழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது மதுரையில் வழிவழியாக வரும் செய்தி. மாசி வீதி என்ற பெயர் நிலைத்திருக்க, அவ்வீதிகளிலே தேர் சித்திரையில் ஓடுவது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சோழவந்தானை அடுத்த தேனூரில் வைகையில் இறங்கிவந்த அழகர் மதுரைக்கு எழுந்தருளத் தொடங்கியதும் அக்காலத்திலேதான் என்பர். சைவத்தையும் வைணவத்தையும் ஒருங்கிணைக்க மன்னர் இதனைச் செய்தார் என்பார் உளர். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், சித்திரை என்பது அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்து, உழவனுக்கு ஓய்வும் கையிற் சிறிது காசும் இருக்கும் காலம் என்பதை மறத்தலாகாது. ஓய்வும் காசும் இல்லாத குடும்பம் குழந்தைகளோடு விழாவுக்கு எங்ஙனம் வரும்?

அம்மன்னர் அவையோடு ஒரு குழந்தைக் கதையும் இணைந்துள்ளது. குமரகுருபர அடிகள் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, அம்மையே அருச்சகர் மகள் வடிவில் வந்து, நாயக்கர் மடியில் அமர்ந்து பாடலைக் கேட்டு, மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்பது அக்கதை. அங்கயற்கண்ணி அரசியாக முடிசூடும் ஊரிலே, அவளே ஒரு சிறுமியாக வந்து ஒருவர் மடியில் ஏறி அமர்ந்தாள் என்று சொல்லி மகிழ்ந்தனர் நம் முன்னோர்.

சித்திரைத் திருவிழாவோடு மாட்டுச் சந்தையும் கூடிற்று. மாடுகளைக் கட்டி விலை பேசும் அவ்விடத்தைத் தாவணி என்பர். இன்று மதுரையின் பெரிய பேருந்து நிலையம் மாட்டுத்தாவணி என்ற பெயரைத் தாங்கி நிற்பது அப்பழைய சந்தையின் நினைவேயாகும். உழவர் தம் குடும்பத்தைக் கூட்டு வண்டியில் ஏற்றி வந்தனர். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் சமுக்காளம் விரித்துக் குழந்தைகளைக் கிடத்துவர். புளிச்சோறும் துவையலும் கட்டிய மூட்டை ஒரு மூலையில் இருக்கும். மாட்டுக்குத் தீவனம் வண்டியின் அடியில் தொங்கும் சாக்கிலே இருக்கும். வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே வழிநடப்பர். ஆதலின் குழந்தை உறங்கியது தன் ஊரிலும் விழித்தது வைகைக் கரையிலுமாக அமையும். 1875-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை மதுரையை எட்டியபின் தொலைவிலுள்ளாரும் வரலாயினர். எனினும் வண்டிகளின் வரிசை நெடுங்காலம் குறையவில்லை.

வந்தவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, நேர்த்திக்கடனோடு வருவர். அழகருக்கென முடி வளர்த்த குழந்தைக்கு முடியிறக்குவர், காது குத்துவர். கள்ளழகர் போலக் கொண்டையிட்டு, கையில் கோலேந்திய சிறுவர்களை இன்றும் கூட்டத்திற் காணலாம். ஆயர் குலத்தார் தோற்பையில் நீரேந்தித் துருத்தியால் அழகர்மேல் பீய்ச்சுவதும், திரியேந்தி ஆடுவதும் உண்டு. அந்நீர் தம்மேல் படவேண்டுமென்று முன்னே ஓடுவோர் பெரும்பாலும் சிறுவர்களே. பெரியோர் அதனை நேர்த்தி என்பர். சித்திரை வெயிலிலே சிறுவர் அதனை என்னென்று கொள்வர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கடைவீதியும் அவர்களுக்கு உரியதே. பனையோலைக் கிலுகிலுப்பை, மரச்செப்பு, நடைவண்டி, தகர ஊதல், மண்பொம்மை ஆகியவை ஒரு புறம். பொரிகடலை, சவ்வுமிட்டாய், கருப்பட்டி மிட்டாய் ஆகியவை மறுபுறம். பருவத்துக்கேற்ற நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் கூடைகளிலே. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென எழுப்பிய புதுமண்டபத்திலும் நெடுங்காலம் கடைகள் இருந்தன. நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கு அருகிலேயே சிறுமியருக்கான செப்புச் சாமான்கள் அடுக்கப்பட்டிருந்த காட்சியைக் கண்டவர் பலர் இன்றும் உள்ளனர். கலைச்செல்வத்துக்குக் கேடு என்று அறிஞர் வருந்தியது நியாயமே; ஆயினும் அம்மண்டபத்தின் பெயர் ஒவ்வொரு மதுரைக் குழந்தையின் நாவிலும் நிலைத்ததற்கு அக்கடைகளே காரணம் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

கொடியேற்றத்துக்குப் பின் பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம். இதற்கிடையே அழகர் மலையிலிருந்து புறப்பட்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை கொண்டு, தல்லாகுளத்தில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்று, சித்திரை முழுமதி நாளில் தங்கக் குதிரைமேல் வைகையில் இறங்குகிறார். தங்கையின் திருமணத்துக்கு வந்த அண்ணன், மணம் முடிந்துவிட்டதென ஆற்றிடையே கேட்டுச் சினந்து, ஊருக்குள் வாராமலே வண்டியூர்க்குத் திரும்பினார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்க வந்தார் என்பது தலபுராணம் சொல்லும் வரலாறு. இவ்விரண்டையும் ஆராய்ந்து, அழகர் கோயிலுக்கும் அதனைச் சூழ வாழும் பல சமூகத்தார்க்கும் உள்ள உறவை விளக்கியவர் பேராசிரியர் தொ. பரமசிவன், அவரது ‘அழகர் கோயில்’ என்னும் நூல் 1989-ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, வண்டியில் வரும் குழந்தைக்குத் தாய் சொல்வது அண்ணன் கதையைத்தான். தாய்மாமன் கோபித்துக்கொண்டு வாயிலோடு திரும்பிய மணவீடுகளை அக்குழந்தை தன் ஊரிலேயே கண்டிருக்கும். ஆதலின் தெய்வத்தின் வருத்தம் அதற்கு உடனே விளங்கிவிடுகிறது.

இனி, இம்மலரைக் கையிலேந்தும் திருப்பணிச் செல்வர்கள் அறிந்து மகிழத்தக்க ஒன்றைச் சொல்லுகின்றேன். அழகர் வரும் வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உண்டு. அவற்றின் அருகே தண்ணீர்ப் பந்தல்களும் உண்டு. நீர்மோரும் பானகமும் வழங்கும் இப்பந்தல்கள் கோபுரம்போல உயர்ந்தவையல்ல. நான்கு மூங்கிலும் தென்னங்கீற்றுமே. ஆனால் கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு அன்று நிழல் தந்தவை அவையே.

என் தந்தையார் தம் ஆறாம் வயதில் தல்லாகுளத்துக் கூட்டத்திலே காணாமற்போனார். என் பாட்டியார் தம் சேலைத் தலைப்பின் நுனியை அவருடைய அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார். எதிர்சேவையின்போது எழுந்த நெருக்கத்தில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. குடும்பத்தார் நான்கு திசையும் தேடினர். பொழுது சாயும் வேளையில், ஒரு தண்ணீர்ப் பந்தலில், பானகம் மொண்டு ஊற்றும் முதியவர் ஒருவருக்கு அருகிலே, பானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலையிற் கண்டுபிடித்தனர். “பிள்ளை தேடிக்கொண்டு எங்கேயும் போகவேண்டாம் அம்மா. தாகத்துக்கு எல்லாரும் இங்கேதான் வருவார்கள் என்று நிறுத்திவைத்துக்கொண்டேன்” என்றாராம் அவர். அழுது நின்ற பிள்ளைக்கு வேலை கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அகப்பையையும் கையிற் கொடுத்திருந்தார். மறு ஆண்டு பாட்டியார் ஒரு சிப்பம் வெல்லத்தோடு அப்பந்தலுக்குச் சென்றார். அம்முதியவர் இல்லை, அவர் மகன் இருந்தார். வெல்லம் கொடுக்கும் அவ்வழக்கம் எங்கள் குடும்பத்தில் இன்றளவும் நடைபெறுகிறது.

அந்நாளில் தண்ணீரே அச்சத்துக்கும் உரியதாக இருந்தது. சித்திரையில் வைகை பெரும்பாலும் வறண்டிருக்கும். மணலைத் தோண்டி ஊற்றெடுத்தே மக்கள் குடித்தனர். பல்லாயிரவர் கூடி ஓரிடத்தே தங்கும்போது அந்த ஊற்று மாசுறுவது எளிது. பெருவிழாக்களை அடுத்து வாந்திபேதி பரவுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் தென்னாடெங்கும் கண்ட துயரம். அந்நோய்க்கு முதலில் இரையாகியவர் குழந்தைகள். பானகத்தைத் தந்த பந்தலின் அருமையை இங்கே உணரலாம். 1959-ஆம் ஆண்டில் வைகை அணை திறக்கப்பெற்றபின், அழகர் இறங்கும் நாளுக்கென ஆற்றில் நீர் விடும் வழக்கம் ஏற்பட்டது. குழாய்நீரும் தடுப்பூசியும் வந்தபின் அவ்வச்சம் நீங்கிற்று.

குழந்தையோடு வந்தும் கோயிலுக்குள் செல்ல இயலாத குடும்பங்களும் இருந்தன என்பதை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் பிழையாகும். தேர் வீதியிலே ஓடும். அழகர் ஆற்றிலே இறங்குவார். அக்காட்சிகள் எட்ட நின்றேனும் அவர்கட்குக் கிடைத்தன. ஆனால், “உள்ளே அம்மன் எப்படி இருப்பாள்?” என்று பிள்ளை கேட்டால், கோபுரத்தைக் காட்டுவதன்றி அப்பெற்றோரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான பி. கக்கன் உள்ளிட்ட அரிசன அன்பர்களையும், நாடார் சமூகத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்றார். எதிர்ப்பு எழுந்தது, வழக்குகளும் வந்தன. அன்றைய சென்னை மாகாண அரசு அவ்வாண்டிலேயே சட்டமியற்றி அந்நுழைவுக்குக் காப்பளித்தது. அதற்கடுத்த சித்திரையில், தன் கேள்விக்கு விடையை நேரிற் கண்ட குழந்தைகள் எத்துணையோ!

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெருந்தொற்றின் காரணமாக விழா மக்கள் இன்றி நடந்தது. திருக்கல்யாணத்தை வீட்டிலிருந்தே திரையில் கண்டோம். அழகர் வைகைக்கு வரவில்லை. 2022-ஆம் ஆண்டில் விழா மீண்டும் மக்களோடு நிகழ்ந்தபோது, இரண்டாண்டு ஏக்கமும் சேர்ந்து பெருங்கூட்டம் கூடி, நெரிசலிலே இருவர் உயிரிழந்தது வருந்தத்தக்கது. மண்டபமும் மதிலும் எழுப்பும் நம்மவர், கூட்டத்தில் தாயும் சேயும் ஒதுங்கி நிற்கத்தக்க நிழலிடத்துக்கும் ஒரு பகுதி பொருளை ஒதுக்குவாராயின் அதுவும் திருப்பணியே. தண்ணீர்ப் பந்தல் வைத்த முதியவர்க்கு இது தெரிந்திருந்தது.

அழகர் மலைக்குத் திரும்பும் நாளில் பூப்பல்லக்கில் எழுந்தருளுவார். அதனைக் கண்டபின் வண்டிகள் பூட்டப்படும். வாங்கிய ஊதலை ஊதி ஊதி ஓய்ந்த பிள்ளைகள் மூன்றுமாவடி கடக்கும் முன்னரே உறங்கிவிடுவர். மொட்டையிட்ட தலையிற் பூசிய சந்தனம் வைக்கோலிலே ஒட்டிக்கொள்ளும். மறுநாட் காலையில் வண்டியைத் தட்டும்போது அந்த வைக்கோலில் சந்தன மணம் வீசும் என்று என் பாட்டியார் சொல்லுவார்.